பிரிக்காத பொட்டலம்

நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவள் என்று என் பேர் பீளமேட்டில் பரவியதிலிருந்து, அதே ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறவர்கள் என்னைத் தேடி மெஸ்ஸுக்கு வருகிறார்கள். தோசைக் கல்லுக்கு முன்னால் நின்றபடி ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல முடிவதில்லை. பாதி சொல்லும்போதே தோசை கருகிவிடுகிறது. பாதிக் கதை கேட்டவர் முழுப் பயத்தோடு வீட்டுக்குப் போகிறார். அதனால் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் நன்றாக இருக்கிறேன். இனிமேல் பயப்படாமல் படியுங்கள்.

நான் கவலைப்படுவதில் கைதேர்ந்தவள். கல்லூரிப் பையன்களுக்குச் சமைத்துப் போடுகிற மெஸ் எங்களுடையது. இன்றைக்கு இட்லி பூப்போல வந்தால், நாளைக்கும் இப்படி வருமா என்று கவலை. மழை பெய்தால் மாவு பொங்காதே என்று கவலை, பெய்யாவிட்டால் சிறுவாணித் தண்ணீர் விடமாட்டார்களே என்று கவலை. மகள் கவிதா ஆறாவது படிக்கும்போதே அவள் கல்யாணத்துக்கு எந்த மண்டபம் என்று யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவள் நான். என் வீட்டுக்காரர் பழனிச்சாமி பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கிறவர். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். "என்ற ஊட்டுக்காரி நாளைக்குப் படவேண்டிய கவலையையும் இன்னைக்கே பட்டு முடிச்சுப்போடுவாளுங்க. நாளைக்கு அவளுக்கு வேலையே இருக்காது" என்று கடைவீதியில் என்னைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார்.

என் கவலைக்கு நான் வைத்திருந்த ஒரே மருந்து பூக் கேட்பது. எங்கள் பக்கத்தில் எந்த நல்ல காரியத்துக்கும் குலதெய்வத்திடம் பூக் கேட்காமல் இறங்க மாட்டோம். எங்கள் அம்மன் அவிநாசிக்கு அப்பால் ஒரு கரட்டின், பாறைக் குன்றின், உச்சியில் இருக்கிறாள். ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் வித்தியாசம் தெரியாதபடி இலையில் மடித்து நூல் கட்டி அம்மன் முன்னால் போடுவார் பூசாரி. ஒரு குழந்தை வந்து ஏதாவது ஒன்றை எடுக்கும். பிரித்துப் பார்த்து, வெள்ளை வந்தால் அம்மன் சரி சொல்லிவிட்டாள், சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். என் கல்யாணத்துக்குக் கேட்டோம். மெஸ் ஆரம்பிக்கக் கேட்டோம். மாவரைக்கிற கிரைண்டர் வாங்குவதற்குக்கூட நான் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். மூன்றுக்கும் வெள்ளைதான் வந்தது. ஆனால் வெள்ளைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கரட்டிலிருந்து இறங்கும்போதே அடுத்த கவலை கூடவே இறங்கி வந்துவிடும். மெஸ்ஸுக்கு வெள்ளை வந்த வருஷம்தான் நான் அதிகமாகத் தூங்காத வருஷம். இது ஏன் என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

மூச்சு வாங்குவது எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. இட்லிக் குண்டாவை இறக்கி வைத்தால் சித்த நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. நாற்பதை நெருங்குகிறோம், சதை போட்டுவிட்டது, அதுதான் என்று நினைத்தேன். பிறகு மல்லாந்து படுத்தால் இருமல் வந்தது. ஒரு தலையணை இரண்டாகி, கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். எங்கள் தெரு டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்தவர், வழக்கத்தைவிட ரொம்ப நேரம் எடுக்காமலே இருந்தார். எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, "சின்ன வயசுல மூட்டு மூட்டா வீங்கிக் காய்ச்சல் வந்துச்சுங்களா?" என்பது. வந்தது. பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்தது ஞாபகம் இருக்கிறது. நாட்டு எண்ணெய் தடவினார்கள், வீக்கம் வடிந்தது, எல்லோரும் மறந்துவிட்டோம். அந்தக் காய்ச்சல் போகிற போக்கில் இதயத்தையும் தொட்டுவிட்டுப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே காத்திருக்கிற கூடத்தில் எல்லோர் மடியிலும் ஒரு எக்ஸ்ரே உறை. கல்யாண வீட்டில் எந்த ஊர் என்று கேட்பதுபோல அங்கே என்ன கோளாறு என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அப்புறம் எக்கோ. பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நெஞ்சில் சில்லென்று ஒரு களிம்பைத் தடவி, குமிழ் மாதிரி ஒரு கருவியை அழுத்தி நகர்த்துவார்கள். பக்கத்தில் டி.வி. மாதிரி ஒன்றில் நம் இதயம் துடிப்பது தெரியும். வலி கிடையாது, குளிர்தான்.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். இதயத்தின் இடது பக்கம் மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை. நடுவில் இருக்கிற கதவுக்கு மைட்ரல் வால்வு என்று பேர். ரத்தம் மேலிருந்து கீழே போகும்போது திறக்கும், போனதும் மூடிக்கொள்ளும். என்னுடையது அந்தப் பழைய காய்ச்சலால் தழும்பு விழுந்து, சுண்ணாம்பு படிந்து, திறக்க மறுக்கிறது. ரத்தம் கீழே இறங்க வழியில்லாமல் நுரையீரலில் தேங்குகிறது. அதுதான் மூச்சு வாங்குகிறது.

படத்தையே பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் முகம் தெளிந்துவிட்டது. "ஃபுட்வால்வு அடைச்சுப்போச்சுங்களா? அதைச் சொல்லுங்" என்றார். கிணற்றில் குழாயின் அடியில் மாட்டுகிற ஃபுட்வால்வு அவருக்கு அன்றாடம் கையில் புரள்வது. டாக்டர் சிரித்துவிட்டார். "கிட்டத்தட்ட அதேதானுங்க. பலூன் விட்டு அகலப்படுத்தற முறை இருக்குது. இவங்களுது ரொம்பக் கெட்டியாயிருச்சு, அதுக்கு எடம் குடுக்காது. மாத்தித்தான் ஆகோணும்."

நான் கேள்விகளை அவிழ்த்துவிட்டேன். ஆபரேஷனில் ஏதாவது ஆகிவிட்டால்? ஆகாவிட்டால், மாற்றி வைக்கப்போகிற இரும்பு வால்வு எத்தனை காலம் வரும்? பத்து வருஷம் கழித்து? மகள் பிரசவத்துக்கு வரும்போது நான் எழுந்து நடமாடுவேனா? மகளுக்கு அப்போது வயது பதினேழு. டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆபரேஷன்ல ஆபத்து கொஞ்சம் இருக்குதுங்க. செய்யாம உட்டா ஆபத்து நிச்சயம். இது ரெண்டுதான் எனக்குத் தெரியும். பத்து வருஷம் கழிச்சு நானே எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியாதுங்களே" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு படித்தவர் தெரியாது என்கிறாரே என்று ஆட்டோவில் வரும் வழியெல்லாம் புலம்பினேன்.

ஆபரேஷனுக்கு முன் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். சொத்தைப் பல்லில் இருக்கிற கிருமி ரத்தத்தில் ஏறிப் புது வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். நெஞ்சுக்கு வைத்தியம் பார்க்கப் போனவளுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். அடுத்து ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். எங்கள் ஒறம்பரையில், சொந்தக்காரர்களில், பாதிப் பேருக்கு ஊசியைக் கண்டாலே மயக்கம். விஷயம் மெஸ்ஸில் கசிந்தது. மறுநாள் காலையில் பையன்கள் சைக்கிளிலும் பஸ்ஸிலுமாக ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். என் ரசத்தைத் தினமும் குறை சொல்கிறவன்தான் வரிசையில் முதலில் நின்றான். "அக்கா, இனிமேல் ரசம் நல்லா இல்லைன்னா நான் என்னையே திட்டிக்கோணும்" என்றான். நான் அழுதேன். வெட்கப்படாமல் அழுதேன்.

என்னைச் சேர்த்துக்கொண்டபின் மெஸ்ஸைக் கவிதாவும் என் வீட்டுக்காரரின் அக்காவும் பார்த்துக்கொண்டார்கள். அந்த அக்காவை நாங்கள் நங்கை என்று கூப்பிடுவோம். எனக்குச் சாப்பாடு கொண்டுவருவது என் வீட்டுக்காரர் வேலை. ஒருநாள் டிபன் கேரியரைத் திறந்தால் சாதம் குழைந்து களியாக இருந்தது. நீங்கள் வடித்ததா என்று கேட்டேன். "நல்லா இல்லீன்னா வெச்சிரு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணமான நாளாக அவர் அடுப்படிக்குள் வந்ததில்லை. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். பணம் எங்கே எப்படிப் புரண்டது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. இன்றைக்குவரை முழுதாகச் சொன்னதில்லை.

பக்கத்துக் கட்டிலில் உக்கடத்துப் பெண் மெஹருன்னிசா. அவள் வீட்டுக்காரருக்கு அங்கே பாத்திரக் கடை. அவளுக்கும் இதே கோளாறுதான், எனக்கு அடுத்த நாள் அவளுக்கு ஆபரேஷன். நான் கவலைப்பட்டால் அவள் கூடவே கவலைப்படுவாள், அவள் ஆரம்பித்தால் நான் சேர்ந்துகொள்வேன். நர்ஸம்மா எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் திரையை இழுத்து விட்டுவிட்டுப் போவார். நாங்கள் திரைக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு தொடர்வோம்.

பூக் கேட்காமல் ஆபரேஷன் இல்லை என்று நங்கை உறுதியாகச் சொல்லிவிட்டார். "அம்மன் உத்தரவில்லாம எங்க ஊட்டுப் புள்ள மேல கத்தி வெக்க உடமாட்டேன்" என்றார். அவரைவிட எனக்குத்தான் அதில் அவசரம். டாக்டர் தெரியாது என்று சொன்னதை அம்மன் சொல்லிவிடுவாள் என்று இருந்தேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் என் வீட்டுக்காரர் பஸ் ஏறினார். அன்றைக்கு முழுவதும் எனக்கு மருந்து இறங்கவில்லை, தண்ணீர் இறங்கவில்லை. சிவப்பு வந்தால் என்ன செய்வது? கையெழுத்துப் போட்டாயிற்று. பையன்கள் ரத்தம் கொடுத்தாயிற்று. சிவப்பு வந்துவிட்டால் சுவரில் சாய்ந்து தூங்கியே மீதி நாளைக் கழிக்க வேண்டும். அதுவும் நிறைய நாள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் வந்தார். சட்டையெல்லாம் புழுதி. கட்டில் ஓரத்தில் நின்றார், உட்காரவில்லை.

"என்னங்க வந்துச்சு?" என்றேன்.

ஜோப்பில் கையை விட்டு எடுத்து என் மடியில் வைத்தார். இலையில் மடித்து நூல் கட்டின பொட்டலம். கட்டு அப்படியே இருந்தது.

"பிரிக்கலையா?"

"கொழந்த எடுத்துக் குடுத்துச்சு. பூசாரி பிரிங்கன்னாரு. கை வரல அம்மணி. நீயே பிரிச்சுக்க."

அம்மன் சன்னிதியில், அங்கேயே பிரித்துப் பார்க்க வேண்டியது. உத்தரவைப் பிரிக்காமல் ஜோப்பில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்த ஆள் எங்கள் குலத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும். எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர் என்று இத்தனை வருஷம் நான் நினைத்திருந்த மனிதருக்கு ஒரு நூலை அவிழ்க்கத் தைரியம் வரவில்லை. அவருக்கும் பயம் இருந்திருக்கிறது. நான் ஊருக்குக் கேட்கிற மாதிரி பயந்துகொண்டே இருந்ததில் அவர் பயப்பட இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

திரையை விலக்கிக்கொண்டு மெஹருன்னிசா எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். "அக்கா, செவப்பா இருந்தா எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிருவீங்களா?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. என் பதிலை வைத்துத் தன் காரியத்தையும் முடிவு செய்யலாம் என்று கேட்டாள்.

நூலைப் பிடித்து இழுக்கப் போன கை நின்றுவிட்டது. சிவப்பாக இருந்தால் வீட்டுக்குப் போவேனா? போய்? வெள்ளையாக இருந்தால் இன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்குவேனா? எத்தனை வெள்ளைப் பூ பார்த்திருக்கிறேன். ஒன்றாவது என்னைத் தூங்க வைத்ததா? வெள்ளை வந்தால், ஆபரேஷன் நல்லபடி முடியும் சரி, அதற்கப்புறம் என்று ஆரம்பிப்பேன். என்னை எனக்குத் தெரியாதா? எந்த நிறமாக இருந்தாலும் காலையில் போக வேண்டியது ஒரே இடம்தான். அது எனக்கு முன்பே தெரிந்திருந்தது, ஒப்புக்கொள்ளத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

"பிரிக்க வேண்டாமுங்க" என்றேன். "இது உங்க ஜோப்புலயே இருக்கட்டும். நீங்களும் பிரிக்கக் கூடாது. நாளைக்கு நடக்கறது நாளைக்கு நடக்கட்டும்."

"நெசமாவா சொல்றே?" என்றார்.

"நெசமாத்தான். போயிச் சாப்புடுங்க. காத்தால இருந்து ஒண்ணும் சாப்புட்டிருக்க மாட்டீங்க."

அம்மன்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளை நம்பினதால்தான் பிரிக்கவில்லை. பார்த்துக்கொள்வாள் என்றால் பார்த்துக்கொள்வாள், அதை எனக்கு முன்கூட்டியே எதற்குக் காட்ட வேண்டும்? அன்றைக்குச் சுவரில் சாய்ந்தபடிதான் படுத்தேன், ஆனால் நன்றாகத் தூங்கினேன். காலையில் நர்ஸம்மா வந்து தட்டித்தான் எழுப்பினார்.

தள்ளுவண்டியில் போகும்போது மேலே விளக்குகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஆபரேஷன் தியேட்டர் குளிராக இருக்கும், ஒரு போர்வை கேளுங்கள், கொடுப்பார்கள். கையில் ஊசி போட்டு, எண்ணச் சொன்னார்கள். எதுவரை எண்ணினேன் என்று தெரியாது. நடுவில் என்ன நடக்கும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இதயத்தைச் சித்த நேரம் நிறுத்தி வைத்து, அதன் வேலையை ஒரு இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, வால்வை மாற்றுவார்கள். கேட்கத்தான் பயங்கரம். நமக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

வெளியே நடந்ததைக் கவிதா பின்னால் சொன்னாள். நங்கை என் வீட்டுக்காரரை விடவே இல்லையாம். "குடுடா அந்தப் பொட்டலத்த, நான் ஒரு பார்வை பாத்துட்டுக் கட்டிப்போடறேன்" என்று தம்பியின் ஜோப்புக்கே கையை நீட்டினாராம். இவர் ஜோப்பை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, டாக்டர் வெளியே வருகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தாராம். பார்த்தவர்கள் இவருக்குத்தான் நெஞ்சுவலி என்று நினைத்து நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

கண் விழித்தபோது தொண்டைக்குள் குழாய். பேச முடியாது. மூச்சை அதுவே விட்டு வாங்கும், நீங்கள் அதனுடன் சண்டை போடாதீர்கள். அதைச் சீக்கிரம் எடுத்துவிடுவார்கள். நெஞ்சு கனக்கும், இருமினால் உயிர் போய் வரும். ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுப்பார்கள். அதை மறக்காதீர்கள், இந்தக் கதையிலேயே உங்களுக்கு உருப்படியான விஷயம் அதுதான். பிறகு மூன்று பந்து போட்ட ஒரு கண்ணாடி டப்பாவைக் கொடுத்து, குழாயில் மூச்சை உறிஞ்சிப் பந்துகளை மேலே ஏற்றச் சொல்வார்கள். முதல் நாள் ஒரு பந்துகூட அசையவில்லை. மூன்றும் சேர்ந்து மேலே ஏறி நின்ற அன்று வார்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

தொண்டைக் குழாயை எடுத்தபின் நான் கவனித்த முதல் விஷயம் ஒரு சத்தம். டிக், டிக், டிக். சுவர்க் கடிகாரம் என்று நினைத்துத் தேடினேன். அந்தச் சுவரில் கடிகாரமே இல்லை. என் நெஞ்சுக்குள் புது வால்வு திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நல்ல சத்தம். மோட்டாரு சுத்தமா இழுக்குது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

மெஹருன்னிசாவும் நல்லபடியாகத் திரும்பி வந்தாள். வீட்டுக்குப் போகும் முன் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் கையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தோம். வாழ்க்கை முழுக்க ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை உண்டு. அது அளவாக வேலை செய்கிறதா என்று மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும். மாத்திரையை விடக் கூடாது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி பாயில் மல்லாந்து படுத்தேன். ஒரே ஒரு தலையணை.

தெம்பு வந்தபின் அம்மனைப் பார்க்கப் போனோம். பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. கரட்டில் படிகள் செங்குத்தாக இருக்கும். முன்னெல்லாம் நான் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுவேன். இந்த முறை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏற ஆரம்பித்தவள், நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. உச்சியில் காற்று அடித்தது. வாய் நிறைய, நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டேன். வெகு கீழே என் வீட்டுக்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "நின்னு நின்னு போ அம்மணி" என்று கத்தினார். "மெதுவா வாங்க, அவசரமில்லை" என்று நான் மேலேயிருந்து கத்தினேன். இப்படி ஒரு பேச்சை நான் அவரிடம் சொல்லுவேன் என்று யார் கண்டார்கள்?

பொட்டலத்தை அம்மன் காலடியில் வைத்தோம். பூசாரி எங்களை அடையாளம் கண்டுகொண்டார். திருநீறு கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "உங்க ஊட்டுக்காரரு அன்னைக்கு ஒண்ண எடுத்துட்டுப் போயிட்டாருங்க. மிச்சம் ஒண்ணு இங்கயே கெடந்துச்சு. நடை சாத்தறப்ப நாந்தான் பிரிச்சுப் பாத்தேன்" என்றார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை மாதத்தில் எங்கள் இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை. மீந்தது சிவப்பு என்றால் எங்களுடையது வெள்ளை. மீந்தது வெள்ளை என்றால்... என் வீட்டுக்காரர் ஓரடி முன்னால் நகர்ந்தார். எனக்கும் கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நெஞ்சுக்குள் டிக் டிக் என்றது.

"சொல்ல வேண்டாமுங்க" என்றேன்.

"இல்லீங்க, தெரிஞ்சுக்கிட்டா..."

"பொழச்சு வந்து முன்னால நிக்கறனுங்க. இதுக்கு மேல என்னத்தத் தெரிஞ்சுக்கோணும்?"

பூசாரி திருநீற்றுத் தட்டைக் கையில் எடுத்தார். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கீழே இறங்கிப் பஸ்ஸுக்கு நிற்கும்போது என் வீட்டுக்காரர் காலை மாற்றி மாற்றி வைத்தார். "அம்மணி, நான் மட்டும் போயிக் கேட்டுட்டு வந்தர்றேன். உனக்குச் சொல்லமாட்டேன்" என்றார். போய்வாருங்கள், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்றேன். விறுவிறு என்று ஏறினார். முதல் திருப்பத்தில் நின்றார். உச்சியை அண்ணாந்து பார்த்தார், கீழே என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக இறங்கி வந்துவிட்டார்.

"கேக்கலீங்களா?"

"இன்னும் அவ்வளவு படி ஏறோணும். உடு" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். அவிநாசி தாண்டியதும் அவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. "அம்மணி, நாளைக்கு இட்லிக்கு அரிசி ஊறப் போட்டயா?"

"இல்லீங்க. மறந்தே போச்சு."

"அய்யோ, அப்ப நாளைக்குப் பசங்களுக்கு?"

"ரவை இருக்குது. உப்புமா கிண்டுவேன். திட்டுவானுங்க, திட்டட்டும்."

அவர் என்னை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். மூச்சு வாங்கவில்லை.